தலையில் அடிபட்டால் ஆபரேஷனா, மருந்தா?

கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம். எழுத்து தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டவும்.



குடும்ப நலம் என்றதும் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, கருத்தடை ஆகியவைதாம் நினைவுக்கு வரும். ஆனால் உழைத்துக் கொண்டுவரும் கணவனோ, வீட்டையும் காட்டையும் சேர்த்துத் தாங்கும் மனைவியோ ஒரே நாளில் நினைவிழந்து படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் நலம் என்னவாகும்? மோட்டார் சைக்கிள் விபத்து, தென்னை மரத்திலிருந்து தவறி விழுவது, டிராக்டரிலிருந்து விழுவது, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலிருந்து குழந்தை உருள்வது, வயதானவர் கிணற்றடியில் வழுக்கி விழுவது என்று தலைக்காயம் எந்த வீட்டுக்கும் வரலாம்.

அப்படி வந்தால், பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் உங்களிடம் ஒரு காகிதத்தை நீட்டி, "தலையில் ஆபரேஷன் செய்ய வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லக்கூடும். அல்லது, "ஆபரேஷன் இப்போது வேண்டாம், மருந்து கொடுத்துப் பார்க்கிறோம்" என்று சொல்லக்கூடும். இரண்டு சமயத்திலும் உறவுக்காரர்கள் தவறான முடிவுக்குப் போவது உண்டு.

முதல் வகைத் தவறு: "மண்டையைத் திறந்தா ஆள் பிழைக்க மாட்டான்" என்று கையெழுத்துப் போட மறுப்பது. இரண்டாவது வகை: "ஆபரேஷன் பண்ணாம சும்மா படுக்க வச்சிருக்காங்க, கவனிக்கலை" என்று சண்டை போட்டு, நோயாளியை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவது. இரண்டும் உயிரைக் குடிக்கும். ஆபத்து வருமுன் இந்தப் பாடத்தைப் படித்து வைத்துக்கொண்டால் அந்த வேளையில் மனம் கலங்காமல் பேச முடியும்.

மண்டைக்குள் என்ன நடக்கிறது?

மூளை மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டை எப்படி விரிந்து கொடுக்காதோ அப்படித்தான் வளர்ந்தவர்களின் மண்டை ஓடும். உள்ளே மூளை, ஓடும் இரத்தம், மூளையைச் சுற்றியுள்ள நீர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. இவை மூன்றுக்கும் அளவெடுத்தாற்போல்தான் அங்கே இடம். இரத்தக்குழாய் அறுந்து உள்ளே இரத்தம் கட்டினாலும், மூளை வீங்கினாலும் அதற்கு இடம் போதாது. கால் வீங்கினால் தோல் இளகிக் கொடுக்கும். மூளை வீங்கினால் ஓடு இளகாது. அழுத்தம் ஏறி, மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து, சுவாசத்தை நடத்தும் அடிமூளையே நசுங்கும். தலைக்காயத்தில் உயிர் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே தலைக்காயத்தில் இரண்டு காயம் உண்டு. விழுந்த நொடியில் ஏற்பட்டது முதற்காயம். அதை எந்த டாக்டராலும் திருப்ப முடியாது. பின்வரும் மணி நேரங்களில் இரத்தக் கட்டு, வீக்கம், மூச்சுக்குறைவு, இரத்த அழுத்தக் குறைவு ஆகியவற்றால் ஏற்படுவது இரண்டாம் காயம். ஆபரேஷன் ஆகட்டும், மருந்தாகட்டும், எல்லாச் சிகிச்சையும் இந்த இரண்டாம் காயத்தைத் தடுப்பதற்கே.

டாக்டர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்?

முதலாவது, நோயாளியின் நினைவு. 1974-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இருவர் இதற்கு ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. மிகக் குறைந்தது 3. மதிப்பெண் 13 முதல் 15 வரை என்றால் இலேசான காயம். 9 முதல் 12 வரை நடுத்தரம். 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது. "என்ன மார்க்குங்க டாக்டர்?" என்று நீங்களும் கேட்கலாம். நேற்று 13 இருந்தவருக்கு இன்று 10 என்றால் நிலைமை இறங்குகிறது என்று பொருள்.

இரண்டாவது, கண்மணி. டார்ச் அடித்தால் இரண்டு கண்மணியும் ஒன்றுபோல் சுருங்க வேண்டும். ஒன்று மட்டும் பெரிதாகி, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றால் அந்தப் பக்கம் மூளை நசுங்குகிறது என்று ஐயப்பட வேண்டும்.

மூன்றாவது, சி.டி. ஸ்கேன். 1971-இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இந்தப் படம் எடுக்கப்பட்டது. அதற்கு முன்பு மண்டைக்குள் கட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பல சமயம் துளை போட்டுத்தான் தேட வேண்டியிருந்தது. இன்று சில நிமிடங்களில் கட்டு எந்த இடத்தில், எத்தனை கனத்தில் இருக்கிறது, மூளை நடுக்கோட்டை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கருவுற்ற பெண்ணுக்குத் தலையில் அடிபட்டால் "வயித்துல புள்ள இருக்கு, ஸ்கேன் வேண்டாம்" என்று தடுக்காதீர்கள். தலைக்கு எடுக்கும் படத்தில் வயிற்றுக்குப் போகும் கதிர் மிக மிகக் குறைவு. தாய் பிழைத்தால்தான் பிள்ளை பிழைக்கும். கர்ப்பம் என்பதை மட்டும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நான்காவது, வயது, மற்ற நோய்கள், அடிபட்டு எத்தனை நேரம் ஆயிற்று என்பவை. இருதய நோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கசிவு அதிகமாகும். அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

எப்போது ஆபரேஷன் தேவை?

மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேல் உறைக்கும் நடுவே இரத்தம் கட்டுவது ஒரு வகை. பெரும்பாலும் காதுக்கு மேலே எலும்பு விரிந்து, அங்குள்ள இரத்தக்குழாய் அறுவதால் வரும். விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து பேசுவார், காப்பிகூடக் கேட்பார். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி, தூக்கம், பிறகு மயக்கம். "நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாரு!" என்று வீட்டார் அழுவது இந்த வகையில்தான். இந்தக் கட்டு 30 மில்லிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 6 தேக்கரண்டிக்கு மேல் இருந்தால், நோயாளி விழித்திருந்தாலும் ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும் என்பது 2006-இல் வெளியான மருத்துவ வழிகாட்டு நெறி. மயக்கம் முற்றுமுன் எடுத்துவிட்டால் இவர்களில் பெரும்பாலோர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். இங்கே கையெழுத்துக்குத் தயங்குவது கைக்கு எட்டிய உயிரை நழுவ விடுவதாகும்.

மேல் உறைக்கு உள்ளே, மூளையின் மேல் இரத்தம் படர்வது இன்னொரு வகை. இதில் மூளையும் சேர்ந்து நசுங்கியிருக்கும். ஆகவே ஆபத்து அதிகம். கட்டின் கனம் 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, மூளை நடுக்கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தாலோ ஆபரேஷன் செய்ய வேண்டும். செய்தாலும் எல்லோரும் பிழைப்பதில்லை. செய்யாமல் விட்டால் பிழைப்பவர் மிகக் குறைவு.

மண்டை எலும்பு உடைந்து உள்ளே பள்ளமாக இறங்கி, மேலே தோலும் கிழிந்திருந்தால், பெரும்பாலும் சுத்தம் செய்து தூக்கிவிட வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் மூளைக்குள் சீழ் பிடிக்கும்.

வயதானவர்களுக்கு வரும் வகை வேறு. லேசாக விழுந்திருப்பார், வீட்டில் எல்லோரும் மறந்தே போயிருப்பார்கள். மூன்று நான்கு வாரம் கழித்து நடை தள்ளாடும், பேச்சு குழறும், சிறுநீர் தெரியாமல் போகும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். உள்ளே பழைய இரத்தம் மெதுவாகத் தேங்கி மூளையை அமுக்கிக்கொண்டிருக்கும். சிறு துளை போட்டு அதை வடித்துவிட்டால் சில நாட்களிலேயே பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். இந்தத் தேக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உதவுமா என்று ஆராய்ந்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களைவிடப் பெறாதவர்களே நன்றாகத் தேறினார்கள். மாமனார், மாமியாருக்குத் திடீரென்று புத்தி தடுமாறினால் "எப்பவாச்சும் விழுந்தீங்களா?" என்று கேளுங்கள்.

எப்போது மருந்தே போதும்?

தலைக்காயத்துடன் வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷனே தேவைப்படுவதில்லை. கட்டு சிறியதாக இருந்து, நினைவும் தெளிவாக இருந்தால் உடம்பே அதைக் கரைத்துவிடும். இன்னொரு பக்கம், கட்டு எதுவும் இல்லாமல் மூளை முழுவதும் நுண்ணிய நரம்பிழைகள் அறுந்து ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு எடுத்து வெளியே போட ஒரு கட்டியும் கிடையாது. கத்தியால் அங்கே வேலை இல்லை.

மருந்துச் சிகிச்சை என்றால் சும்மா படுக்க வைப்பது என்று நினைக்க வேண்டாம். அங்கே நடப்பவை இவை:

மூச்சு குறையாமல் பிராணவாயு கொடுப்பது, தேவையானால் சுவாசக் கருவியில் வைப்பது. இரத்த அழுத்தம் இறங்காமல் காப்பது. தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்திப் படுக்க வைப்பது. மூளை வீங்கினால் மானிட்டால் அல்லது அடர்த்தியான உப்பு நீரை நரம்பு வழியே ஏற்றுவது. இது வீங்கிய மூளையிலிருந்து நீரை இழுத்து வெளியேற்றும். கடுமையான காயத்துக்கு முதல் 7 நாள் வலிப்பு வராமல் மருந்து கொடுப்பது. நேரத்துக்கு நேரம் மதிப்பெண் போட்டுப் பார்த்து, இறங்கினால் மறுபடி ஸ்கேன் எடுப்பது.

ஆகவே "மருந்து கொடுத்துப் பார்க்கிறோம்" என்று டாக்டர் சொன்னால், "தேவைப்பட்டால் எந்த நேரமும் ஆபரேஷன்" என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. காலையில் மருந்து போதும் என்ற டாக்டரே மாலையில் ஆபரேஷன் வேண்டும் என்று சொன்னால் அவர் பேச்சு மாறினார் என்று எண்ணாதீர்கள். உள்ளே நிலைமை மாறியிருக்கிறது.

2012-இல் பொலிவியா, ஈக்வடார் நாடுகளில் நடந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும. மண்டைக்குள் அழுத்தம் அளக்கும் கருவி பொருத்திக் கவனித்தவர்களும், கருவி இல்லாமல் அடிக்கடி சோதித்தும் ஸ்கேன் எடுத்தும் கவனிக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறினார்கள். விடாமல் கவனிப்பதே பெரிய சிகிச்சை.

எந்த மருந்து உதவும், எது உதவாது?

டிரானெக்சாமிக் அமிலம் என்ற ஊசி இரத்தக் கசிவைக் குறைக்கும். பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவுப்படி, அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால் இலேசான, நடுத்தரக் காயத்தில் சாவு குறைகிறது. மிகக் கடுமையான காயத்தில் அந்தப் பலன் தெரியவில்லை. சீக்கிரம் போடப் போடப் பலன் அதிகம்.

ஸ்டீராய்டு ஊசி தலைக்காயத்துக்குப் பல ஆண்டுகள் போடப்பட்டு வந்தது. 2004-இல் பத்தாயிரம் பேரிடம் நடந்த ஆய்வில், அந்த ஊசி போட்டவர்களில் 100-க்கு 21 பேரும் போடாதவர்களில் 100-க்கு 18 பேரும் இரண்டு வாரத்தில் இறந்தது தெரிந்தது. அதன்பின் அது கைவிடப்பட்டது.

"மூளைக்குச் சத்து ஊசி" என்று சிலர் சிட்டிகோலின் மருந்தை விலை கொடுத்து வாங்கிவரச் சொல்வார்கள். 1,213 பேரிடம் சோதித்து 2012-இல் வெளியிட்ட முடிவில், அது வெறும் போலி மருந்தைவிடக் கூடுதலாக எந்தப் பலனும் தரவில்லை. தாலிக்கொடியை அடகு வைத்து இதை வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணம் பின்னால் உடற்பயிற்சிக்கும் சத்துள்ள சாப்பாட்டுக்கும் உதவும்.

மிகக் கடினமான கேள்வி

கட்டை எடுத்த பிறகும், மருந்தெல்லாம் கொடுத்த பிறகும் வீக்கம் அடங்காவிட்டால் ஒரு வழி இருக்கிறது. மண்டை எலும்பின் ஒரு பெரிய பகுதியைக் கழற்றி எடுத்து, மூளைக்கு இடம் விட்டு, மேலே தோலை மட்டும் மூடித் தைத்துவிடுவது. எடுத்த எலும்பை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலோ குளிர்பதனப் பெட்டியிலோ பத்திரப்படுத்தி, சில மாதங்கள் கழித்து மறுபடி பொருத்துவார்கள்.

இதை எப்போது செய்வது? அழுத்தம் கொஞ்சம் ஏறிய உடனேயே அவசரப்பட்டுச் செய்து பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. அழுத்தம் குறைந்தது, ஆனால் நோயாளிகளின் கதி மருந்துச் சிகிச்சையைவிட மோசமாக இருந்தது. எல்லா மருந்தும் தோற்ற பிறகு, கடைசி வழியாகச் செய்து பார்த்த ஆய்வு 2016-இல் வந்தது. 408 பேர் அதில் சேர்ந்தார்கள். ஆறு மாத முடிவில், மருந்தோடு நிறுத்தியவர்களில் 100-க்கு 49 பேர் இறந்திருந்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களில் 100-க்கு 27 பேர்.

இது நல்ல செய்திதானே என்பீர்கள். பாதிதான் நல்ல செய்தி. ஆபரேஷனால் பிழைத்தவர்களில் பலர் பிறர் துணையில்லாமல் வாழ முடியாத நிலையில் இருந்தார்கள். கண் திறந்தும் உலகம் தெரியாத நிலையில் இருந்தவர்கள் ஆபரேஷன் பக்கம் 100-க்கு 8 அல்லது 9 பேர். மருந்துப் பக்கம் 2 பேர். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வீட்டுக்குள் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையிலோ அதற்கு மேலோ இருந்தவர்கள் ஆபரேஷன் பக்கம் 100-க்கு 45 பேர். மருந்துப் பக்கம் 32 பேர்.

இந்த இடத்தில் டாக்டர் உங்கள் கருத்தைக் கேட்பார். இரத்தக் கட்டை எடுக்கும் ஆபரேஷனில் யோசிக்க நேரமில்லை, யோசிக்கத் தேவையும் இல்லை. எலும்பைக் கழற்றும் இந்த ஆபரேஷனில் மட்டும் உயிர் ஒரு தட்டிலும், எப்படிப்பட்ட உயிர் என்பது மறு தட்டிலும் நிற்கின்றன. இளம் வயது, கண்மணி இன்னும் அசைகிறது, முதல் நாள் நினைவு ஓரளவு இருந்தது என்றால் நம்பிக்கை அதிகம். முதிர்ந்த வயது, இரண்டு கண்மணியும் விரிந்து நின்றுவிட்டது, மதிப்பெண் 3 என்றால் நம்பிக்கை மிகக் குறைவு. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லும் பதில் எதுவாயினும் அது பாவம் ஆகாது. பின்னால் யாரும் உங்களைக் குறை சொல்லவும் இடமில்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

ஆஸ்பத்திரி வராந்தாவில் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

மனைவி: டாக்டரய்யா, எங்க வீட்டுக்காரருக்கு உள்ள என்ன ஆயிருக்கு? ரத்தம் கட்டியிருக்கா, வீக்கமா?

டாக்டர்: ரெண்டும் இருக்கும்மா. கட்டு பெரிசு. மூளை ஒரு பக்கம் தள்ளிப்போயிருக்கு.

மனைவி: ஆபரேஷன் பண்ணலைன்னா என்ன ஆகும்?

டாக்டர்: கட்டு இன்னும் அமுக்கும். ராத்திரிக்குள்ள மூச்சு நின்னுபோகலாம்.

மனைவி: பண்ணினா பொழச்சுடுவாரா?

டாக்டர்: உறுதியா சொல்ல முடியாதும்மா. பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. வலது கை வெளங்குறதுக்கு நாளாகும்.

கொழுந்தன்: அண்ணி, பெரியப்பா வந்துகிட்டிருக்காரு. அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டுமே.

மனைவி: அவர் வர்றதுக்கு நாலு மணி நேரம் ஆகும் தம்பி. அதுவரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரே. நான் போடுறேன் கையெழுத்து.

இந்த அம்மா செய்தது சரி. கேட்க வேண்டியவை நான்கே: உள்ளே என்ன? செய்யாவிட்டால் என்ன? செய்தால் என்ன? எத்தனை நேரம் இருக்கிறது? மனைவியை ஓரமாக உட்கார வைத்துவிட்டு ஆண்கள் மட்டும் கூடிப் பேசுவது முறையல்ல. நாளை நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் அவள்தான். அடிபட்டது மனைவி என்றால், "அவ அப்பா வீட்டுல கேக்கணும்" என்று கணவனும் காலம் கடத்தக் கூடாது. உறவினர் யாருமே வந்து சேராதபோது, உயிர் காக்கும் ஆபரேஷனைக் கையெழுத்துக்குக் காத்திராமல் செய்ய டாக்டர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை

108-க்குப் போன் செய்யுங்கள். ஸ்கேனும் மூளை அறுவை மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போவதே நல்லது; பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு.

தூக்கும்போது கழுத்து மடங்காமல், உடம்பை ஒரே கட்டையாகத் திருப்புங்கள். வாந்தி வந்தால் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர், சோடா, காப்பி எதுவும் கொடுக்காதீர்கள். புரையேறி மூச்சு அடைக்கும், ஆபரேஷனுக்கும் இடைஞ்சல். காதிலிருந்து இரத்தமோ நீரோ வந்தால் பஞ்சு வைத்து அடைக்காதீர்கள். வைத்தியர் வீட்டு வாசலில் மந்திரிக்க நிற்காதீர்கள்.

இன்னொன்று மிக முக்கியம். "குடிச்சிட்டு விழுந்திருக்கான், தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று திண்ணையில் கிடத்திவிடுவது நம் ஊர்களில் வழக்கம். குடித்தவனுக்கும் மண்டைக்குள் இரத்தம் கட்டும். போதையில் இருப்பதாக நினைத்து விடியும்வரை விட்டால், விடியும்போது ஆள் இருக்க மாட்டான். குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் தலையில் அடிபட்டு எழுப்பினால் எழாதவன் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவன்.

போலீஸ் கேஸ் என்று பயந்து நிற்காதீர்கள். காகித வேலைக்குக் காத்திராமல் முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2019-இல் சட்டமே திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் சாலை விபத்துக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்கீழ், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிப்பிட்ட வரம்புக்குள் கட்டணமின்றிக் கிடைக்கும். பணம் புரட்டுவதற்காக நேரத்தை இழக்க வேண்டாம்.

டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் முதல் நாள் இரவு ஒருவர் கூடவே இருங்கள். இடையிடையே எழுப்பிப் பேர் கேளுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, உளறல், வலிப்பு, ஒரு கை கால் சோர்வு, மூக்கு அல்லது காதிலிருந்து நீர் ஆகியவற்றில் எது வந்தாலும் மறுபடி கொண்டு போங்கள்.

வீடு திரும்பிய பின்

எலும்பு எடுத்த பக்கம் மெத்தென்று இருக்கும். அந்தப் பக்கம் அடிபடாமல், அழுத்திப் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலும்பை மறுபடி வைக்கச் சொன்ன நாளில் தவறாமல் போங்கள்.

ஞாபக மறதி, முன்கோபம், காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை ஆகியவை மாதக்கணக்கில் இருக்கலாம். "ஆள் மாறிட்டாரு, முன்ன மாதிரி இல்லை" என்று மனைவிமார் தனியே அழுகிறார்கள். இது திமிரும் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. மூளைக் காயத்தின் மிச்சம். கை கால் பயிற்சியை நாள்தோறும் செய்ய வைத்து, பொறுமையாகப் பேசிப் பழக்கினால் முதல் ஆறு மாதத்தில் நல்ல முன்னேற்றமும் அதன்பின் மெதுவான முன்னேற்றமும் தெரியும். குடி அறவே கூடாது. டாக்டர் சொல்லும்வரை வண்டி ஓட்டுவது, மரம் ஏறுவது, கிணற்றில் நீந்துவது கூடாது.

வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பெனிடாயின், கார்பமசெபின் போன்ற மாத்திரைகள் மாலா-என் முதலிய கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். மாத்திரையை நம்பியிருந்தும் கரு தங்கிவிடலாம். அவர்களுக்குக் காப்பர்-டி ஏற்றது. கணவன் ஆணுறை பயன்படுத்தலாம். வால்புரோயேட் என்ற வலிப்பு மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு செய்யக்கூடியது. ஆகவே குழந்தை வேண்டும் என்று எண்ணுபவர்கள் கரு தங்குமுன்பே டாக்டரைப் பாருங்கள். எந்த வலிப்பு மாத்திரையையும் தாங்களாக நிறுத்தக் கூடாது. கிராமச் சுகாதார நர்சிடம் கேட்டால் விவரம் சொல்வார்.

ஆபரேஷனும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்றால்

தலைக்கவசம் போடுங்கள். மோட்டார் சைக்கிளில் போவோருக்குத் தலைக்கவசம் தலைக்காய ஆபத்தை ஏறக்குறைய 69 சதவீதமும் சாவை 42 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். ஓட்டுகிற கணவன் போட்டுக்கொண்டு, பின்னால் ஒருக்களித்து உட்காரும் மனைவி வெறுந்தலையோடு போவதை எங்கும் பார்க்கிறோம். கீழே விழும்போது தரை இருவருக்கும் ஒரே கடினம்தான். இரண்டு தலைக்கவசம் வாங்குங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், தாடை வாரைப் பூட்டுங்கள். முந்தானையைச் செருகிக்கொண்டு உட்காருங்கள். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுங்கள்.

நினைவிற் கொள்க

1. பெரிய இரத்தக் கட்டுக்கு ஆபரேஷன். அதில் ஒவ்வொரு மணி நேரமும் உயிர்.

2. சிறு கட்டுக்கும் மூளை முழுவதும் பரவிய காயத்துக்கும் மருந்தும் இடைவிடாத கவனிப்பும். அது கைவிட்டதாகாது.

3. எலும்பைக் கழற்றும் ஆபரேஷன் கடைசி வழி. கேட்டுத் தெரிந்து, பேசி முடிவு செய்யுங்கள்.

4. நல்லாப் பேசினவரும் மயங்கலாம். குடித்தவருக்கும் மூளைக்காயம் வரலாம்.

5. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் இன்றே சொல்லி வையுங்கள்: "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்கும் காத்திருக்காதே, டாக்டர்கிட்ட நாலு கேள்வி கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு."

படித்தபின் இந்த ஏட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.